எலக்ட்ரான் பெட்டி கட்டுகிறது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஞானோதயத்தில் வரவில்லை, பல்வலியில் வந்தது. பல் மருத்துவர் அறைக்கு வெளியே காத்திருந்தபோது, பக்கத்து நாற்காலியில் ஒரு வேதியியல் டீச்சர் போனில் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தாள்: "அம்மா என்ன சோபாவாடா, வண்டி கொண்டுவந்து தூக்கிட்டுப் போக?" என் கன்னம் வீங்கியிருந்ததால் மூக்கை நுழைக்கவில்லை. காதை மட்டும் நீட்டினேன்.

கேட்டது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அந்தி மயங்கும் வேளையில், ஜன்னலோரம் நின்ற அவள் விழிகளில்…"

சீ. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "உலோகங்கள் எலக்ட்ரானை இழக்கும், அலோகங்கள் அதை…"

இதற்குப் பாடப்புத்தகமே தேவலை.

மூன்றாவது, சுற்றி வளைக்காமல்: டீச்சருக்கு வயது நாற்பத்தைந்துக்கு மேல். கல்யாணம் ஆகவில்லை. (ஏன் என்று கேட்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். அவள் சொந்தக்காரர்கள் கேட்டதே போதும்.) இரண்டறை வீட்டில் அம்மாவும் அவளும். டிவி சத்தத்துக்கு ஒரு சண்டை, ஃபேன் வேகத்துக்கு ஒரு சண்டை என்று எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது தம்பிக்கு இரட்டைக் குழந்தைகள். அவன் மனைவி வேலைக்குத் திரும்ப வேண்டும். சனிக்கிழமை வந்து அம்மாவை அழைத்துப் போகிறானாம், ஒரேயடியாக.

அம்மா போய்விட்டால் சண்டை போடக்கூட அந்த வீட்டில் ஆள் கிடையாது. டீச்சருக்குப் பயமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

3

இங்கே கொஞ்சம் பாடம். கொட்டாவி வந்தால் வாயைப் பொத்திக்கொள்ளவும்.

சோடியம் ஓர் உலோகம். அதன் வெளிக்கூட்டில் ஒரே ஒரு எலக்ட்ரான். குளோரின் அலோகம், வெளிக்கூட்டில் ஏழு வைத்திருக்கிறது. எட்டு ஆனால்தான் அதற்கு நிம்மதி. ஆகவே சோடியத்தின் ஒன்று குளோரினுக்குப் போகிறது. கொடுத்ததற்கு நேர்மின்சுமை, வாங்கியதற்கு எதிர்மின்சுமை. இரண்டும் ஒட்டிக்கொள்ள, உப்பு தயார்.

இரண்டு குளோரின்கள் சந்தித்தால் கதை வேறு. இரண்டுமே கஞ்சம், எதுவும் கொடுக்காது. ஆளுக்கு ஒன்றை நடுவில் வைத்து, "இந்த ஜோடி எனக்கும்தான், உனக்கும்தான்" என்று சமாளிக்கும். அதுதான் பங்கீடு.

(அடிக்குறிப்பு. அடிவரை இறங்கச் சோம்பல் என்பதால் இங்கேயே: "சோடியம் சந்தோஷமா கொடுக்கும்" என்று டீச்சர் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறாள். பச்சைப் பொய். அதனிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க ஆற்றல் செலவாகும். சும்மா வராது.)

4

வெள்ளிக்கிழமை, பத்தாம் வகுப்பு. பலகையில் சோடியம் குளோரைடு. தூக்கத்தில் எழுப்பினாலும் டீச்சர் சரியாகப் போடுகிற படம். அன்றைக்கு நன்றாக விழித்துக்கொண்டே தப்பாகப் போட்டாள். சோடியத்தின் எலக்ட்ரானைக் குளோரின் பக்கம் தள்ளாமல், இரண்டுக்கும் நடுவில் வைத்து, சுற்றி ஒரு வட்டமும் இழுத்துவிட்டாள்.

"மிஸ், சோடியம் கொடுக்கத்தானே செய்யும்? நீங்க பங்கு போட வெச்சிட்டீங்க," என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. வகுப்பே சிரித்தது.

"கொடுக்கலைன்னா இப்ப என்ன குடிமுழுகிடும்?" என்று டீச்சர் எரிந்து விழுந்தாள்.

சிரிப்பு கப்பென்று நின்றது. அப்புறம்தான் அவள் திரும்பி, தான் வரைந்ததைப் பார்த்தாள்.

(இந்த இடத்தில் அவளை அழவைக்கலாமா என்று ஒரு சபலம்… வேண்டாம். டஸ்டரை எடுத்து அழித்தாள்.)

5

முடிவுகள். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. அம்மா போகிறாள். டீச்சர் சிரித்த முகமாகக் கையசைத்துவிட்டு உள்ளே வந்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு… எழுதுகிற எனக்கே தாங்கவில்லை.

ஆ. பங்கீடு. ஒரு மாசம் இங்கே, ஒரு மாசம் அங்கே. வெள்ளிக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் டீச்சர் தம்பியிடம் போனில் இதைத்தான் சொன்னாள்.

"சரிக்கா. ஆனா முதல் ஆறு மாசம் இங்க," என்றான் அவன்.

(பங்கீட்டிலும் இழுவிசை அதிகமுள்ளவன் பக்கம் எலக்ட்ரான் சாய்ந்துதான் இருக்கும். இதுவும் பாடத்தில் உண்டு.)

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னடி பேச்சு இது? மாத்தி மாத்தி வெச்சுக்க நான் என்ன…"

"எலக்ட்ரான்," என்றாள் டீச்சர், பழக்க தோஷத்தில்.

"அது என்ன எழவோ. அதுக்காவது முட்டி வலி இல்லாம இருக்கும்."

6

சனிக்கிழமை. கீழே தம்பியின் கார் ஹாரன் அடித்தது. அம்மாவின் பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது. டீச்சர் போய் அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரிடி, பூட்டு உடைஞ்சிடும்."

"நீ போயிட்டா எனக்கு யாரும் இல்லம்மா. சொல்லிட்டேன். அவனுக்கும் நீ வேணும், பாவம். அது எங்க பாடு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "உனக்கு எங்கம்மா இருக்கணும்?"



அம்மாவுக்காக நான் மூன்று வசனங்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் கண்ணீர் வரும், ஒன்றில் கைதட்டல் வரும். எதையும் அவள் சீண்டவில்லை. அப்பன் வீட்டிலிருந்து புருஷன் வீடு, அங்கிருந்து மகள் வீடு. இதுவரை ஒருவரும் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டதில்லை. அவள் கையில் தயாராகப் பதில் எப்படி இருக்கும்?

அம்மா மெல்ல நாற்காலியில் உட்கார்ந்து, புடவைத் தலைப்பை மடியில் மடித்து மடித்துப் பிரித்தாள்.

கீழே மறுபடியும் ஹாரன். டீச்சர் ஜன்னலுக்கு ஓடிப்போய்த் தெருவே கேட்கக் கத்தினாள்:

"சும்மா இருடா! அம்மா யோசிச்சிட்டிருக்காங்க!"

உங்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள்.