அம்மா சொல்லாதவை

அம்மாவின் உடலை வைத்திருந்த சந்தூக்கின் மேல் பச்சைத் துணியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்த ரிஸ்கானின் அருகே வந்து நின்றாள், முன்பின் தெரியாத ஓர் இளம்பெண். "உஸ்தாத், நம்ம அம்மா..." என்றவள் அழுதுவிட்டாள்.

நம்ம அம்மா. ஜோம்பாங் ஊரின் அந்த முட்டுச்சந்தில் முந்நூறு பேர் நின்றார்கள். எல்லோருக்கும் இருபது வயது. எல்லோர் கண்ணும் சிவந்திருந்தது.

தப்பு அவனுடையதுதான். மூன்று நிமிட மார்க்க வீடியோ போட ஆரம்பித்த வருடம் அவனைப் பார்த்தவை மூன்று போன்கள். ஒன்று அக்கா வூலானுடையது, மற்ற இரண்டும் அவனுடையவை. "மாற்று மதத்தாரிடம் அன்பாயிருங்கள்" என்று அவன் சொன்னபோது யாரும் கேட்கவில்லை. "பக்கத்து வீட்டு மரியாவோட பண்டிகைக்கு நம்ம வீட்டுத் தட்டுதான் முதல்ல போகணும்னு எங்கம்மா சொல்வாங்க" என்றான். நாலு லட்சம் பேர் கேட்டார்கள். அதன்பின் அம்மா நிறையச் சொல்ல ஆரம்பித்தாள்.

நிஜ அம்மா முர்ஸிதா, கோழித் தகராறில் மரியாவோடு பதினோரு வருடம் பேசாதவள். அவன் வீடியோவைப் பாதி பார்த்துவிட்டு, "பேசினது போதும், போய் அரிசி வாங்கிட்டு வா" என்றவள். இன்று ஒரு நாளாவது அவளை அவளாகவே அனுப்பிவைக்க நினைத்தான்.

சந்தூக்கைத் தூக்குமுன், போனவர் நல்லவரா என்று மகன் கூட்டத்தைக் கேட்பது வழக்கம். கேட்டான். "எங்கம்மா நல்லவங்களா?"

"நல்லவங்க" என்றது சந்து முழுவதும்.

யாரைச் சொல்கிறார்கள்?

"வீடியோல வந்ததெல்லாம் அம்மா சொன்னதில்ல. நானா கட்டினது."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். "என்ன பணிவு பாரு." போன்கள் உயர்ந்தன.

"நிஜமாத்தான் சொல்றேன். மரியாக்கா கோழி நம்ம கீரையக் கொத்திச்சுன்னு அம்மா பதினோரு வருஷம் பேசல."

"பகை வெச்சுக்காதீங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க, இல்ல உஸ்தாத்?" என்றாள் அந்தப் பெண்.

அக்கா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடா. இதையும் அம்மாதான் சொல்லச் சொன்னாங்கன்னுவாங்க. தூக்கு."

தூக்கினார்கள். வாசலில் முந்நூறு ஜோடிச் செருப்பும் வெளிப்புறம் பார்த்து வரிசையாக இருந்தன. நாற்பதாவது வீடியோவில் அம்மா அப்படித்தான் சொல்லியிருந்தாள். ஓரத்தில் அவளுடைய நீல ரப்பர் செருப்பையும் யாரோ ஜோடி சேர்த்திருந்தார்கள். அவள் காலில் இருக்கும்வரை அது ஒருநாளும் அப்படிக் கிடந்ததில்லை. தோளில் பாரத்தோடு ரிஸ்கான் கால் பெருவிரலால் அதில் ஒன்றைத் தள்ளிக் கவிழ்த்தான்.

அந்தப் பெண் குனிந்து அதை நிமிர்த்தி வைத்தாள்.