மணிக்கட்டில் ஒட்டிய படலம்

கண்ணாடி முன் நின்று உரையை ஒத்திகை பார்த்து முடித்த பேராசிரியர், "எப்படி?" என்று கேட்டார்.

"கொஞ்சம் நீளங்க" என்றாள் மனைவி.

அறை காதோடு விழுந்தது. தலை அலமாரிக் கதவில் மோதித் திரும்பியது. "குறைகடத்தின்னா என்னன்னு தெரியுமாடி உனக்கு? நீளமாம் நீளம்!" என்றவர், டையைச் சரிசெய்துகொண்டு, ஒரு வரிகூடக் குறையாத உரையோடு, மனைவியையும் கூட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

கண்ணாடிபோல் உடையும் சில்லுகளை விட்டுவிட்டு, துணிபோல் மடங்கும் பிளாஸ்டிக் படலத்தில் மின்சுற்று பதித்து முப்பது வருடமாகப் பேர் சேர்த்தவர் அவர். எவ்வளவு வளைத்தாலும் முறியாது என்பது அவர் பெருமை. ஆய்வு மாணவர்களையும் அதே நம்பிக்கையில்தான் வளைத்தார். போன வாரம் ஆத்திரத்தில் அவர் அறைந்து சாத்திய கதவில் ஒருவனுக்கு விரல்கள் நசுங்கிவிட்டன. இன்று படலத்தை ஒட்டிக் காட்டவேண்டிய கை அவனுடையது. புதிய ஆய்வு மையத்துக்கு இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும் குழுவோ அரங்கின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டது.

மேடையோரம் மனைவியிடம் வந்தார். "வேற ஆளில்ல. நீ வந்து உட்காரு. வாயத் திறக்காத."

"நான் எதுக்குங்க திறக்கப்போறேன்."

மேடையில், அவள் மணிக்கட்டில் தபால்தலை அளவுக்குப் படலம். பின்னால் ஆளுயரத் திரையில் அவள் நாடித் துடிப்பின் வேகம் பச்சைக் கோடாக ஓடியது. காதுக்குள் காலையில் தொடங்கிய ரீங்காரம் இன்னும் ஓயவில்லை.

"இதோ பாருங்க!" என்று திரையைக் காட்டப் பேராசிரியர் கையை வீசித் தூக்கினார். கோடு எகிறித் திரையின் உச்சியில் முட்டியது. கை இறங்கியது, கோடும் மெல்ல அடங்கியது.

"சும்மா, சிக்னல் இரைச்சல்" என்று சிரித்து, மறுபடி தூக்கினார். மறுபடி எகிறியது. கூட்டம் சிரித்தது. குழுத் தலைவி மட்டும் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"சார், பேசவேணாம். கையை மட்டும் இன்னொரு தடவ தூக்குங்க."

"கருவியில ஏதோ கோளாறு மேடம்..."

"அப்படியா? உங்க கருவி வேலை செய்யலன்னு எழுதிக்கட்டுமா?"

பேராசிரியரின் முப்பது வருடப் பெருமை அந்த ஒரு வரியில் தொங்கியது. மனைவி பக்கம் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "கழட்டுடி" என்றார்.

அவள் மறுகையால் படலத்தைப் பொத்திக்கொண்டாள். முதல் வரிசைக்குக் கேட்கும்படி, "கருவி நல்லாத்தாங்க வேலை செய்யுது" என்றாள்.

அவர் கை தானாக எழுந்தது. இம்முறை திரையின் பக்கம் அல்ல. அவள் காதுயரத்துக்கு வந்தபோதுதான் அவருக்குச் சபை நினைவு வந்தது. ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. அவர் முதுகுக்குப் பின்னால், அத்தனை பேர் கண்ணெதிரே, பச்சைக் கோடு ஏறிக்கொண்டே இருந்தது.