நெஞ்சுவலி மாத்திரையின் மூடி

2023 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு, கும்மிடிப்பூண்டியில் மருந்து டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் மூடி வடிவமைக்கும் ஜுவைரியாவின் கைகளுக்கு மட்டும் எழுபத்தெட்டு வயதாகிவிட்டது. மற்றபடி அவளுக்கு முப்பத்தொன்றுதான். நெஞ்சு வலித்தால் நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்கான டப்பா அது. குழந்தைகள் திறந்துவிடாதபடி அழுத்தித் திருப்பும் மூடி. வயதானவர்கள் இருபது பேரிடம் கொடுத்துத் திறக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர்களைத் தேடிப் போக யாருக்கு நேரம்? காலை ஷிப்ட் ஆட்கள் இருபது பேரிடம் கொடுத்தார்கள். எல்லோரும் டக்கென்று திறந்தார்கள். ஜுவைரியா ‘பாஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கீழே வைப்பதற்குள் மூட்டெல்லாம் வீங்கி, தோல் சுருங்கிவிட்டது. கம்பெனி டாக்டர் தைலம் எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் பதினோரு மாத மகளைத் தூக்க முடியவில்லை. குழந்தை இரண்டு கையையும் நீட்டும். இவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். “சரியாயிடும், அழாத” என்று சொன்ன கணவன் அப்ராரும் அழுதான். பாஸ் செய்த மூடியை அவளாலேயே இப்போது திறக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை மூடி வார்க்கும் அச்சை, அதாவது மோல்டை, வெட்டக் கொடுத்துவிட்டால் அது லட்சக்கணக்கில் ஊரூராகப் போகும். அப்புறம் இந்தக் கைகள் திரும்பவே திரும்பாது என்று உறுதியாக நம்பினாள். மூன்று நாளில் முப்பத்தாறு மூடி செய்து பார்த்தாள். கடைசி மூடி அகலமானது, ஓரமெல்லாம் வரிவரியாக மேடு. விரலே வேண்டாம், உள்ளங்கையை வைத்து அழுத்தித் திருப்பினால் போதும். குழந்தையின் கைக்கு அந்த அகலம் அடங்காது.

தயாரிப்பு மேனேஜர் வரதன், வயது நாற்பத்தாறு, அதைக் கையில்கூட வாங்கவில்லை.

“இன்னாம்மா பேஜார் பண்ற? பழைய மூடியே டக்குனு தொறக்குது பாரு.”

“உங்க கைக்குத் தொறக்குது சார். நெஞ்சப் புடிச்சிக்கினு கெடக்கிற வயசானவங்களுக்குத் தொறக்குமா?”

“மோல்டுகாரன் வெளிய நின்னுக்கினு இருக்கான். உனக்கு பயமா இருந்தா உன் சைன அடிச்சுடு. நான் போடறேன்.”

அவள் தன் கையெழுத்தை அடித்தாள். அவர் போட்டார். அதோடு அவர் கைகளுக்கும் எண்பது வயதாகிவிட்டது. வரதன் டப்பாவை இறுக்கிப் பிடித்துப் பதினோரு நிமிடம் போராடினார். நகம் பிய்ந்தது, பல்லால் கடித்தும் பார்த்தார். ஆபீஸ் முழுக்க எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தது. “ஐயோ, தொறக்க மாட்டேங்குதே!” என்று அலறியவர், “உன் மூடியக் கொண்டாம்மா” என்றார். அது ஒரே திருப்பில் திறந்தது. மோல்டுகாரன் புது வரைபடத்தை வாங்கிக்கொண்டு போனான்.

ஜுவைரியாவின் கைகள் அன்று திரும்பவில்லை. ஜூலையில் இல்லை, ஆகஸ்டில் இல்லை. அக்டோபர் பத்தொன்பதாம் தேதி காலை எட்டு இருபதுக்கு, கடம்பத்தூரில் வீட்டில் தனியாக இருந்த எழுபத்தெட்டு வயது கன்னியம்மா நெஞ்சுவலியில் தரையில் சரிந்து, அந்த அகல மூடி டப்பாவைத் தரையோடு அழுத்தித் திருப்பி, மாத்திரையை நாக்கடியில் வைத்துப் பிழைத்துக்கொண்டார். அதே நிமிடம் ஜுவைரியாவின் கைகளுக்கு முப்பத்தொரு வயதானது. மகளைத் தூக்கியவள் மத்தியானம் வரை கீழே விடவில்லை. கம்பெனி அரை நாள் லீவு பிடித்துக்கொண்டது.

வரதனின் கைகள் இன்னும் திரும்பவில்லை. இருபது வருடங்களில் அவர் பாஸ் போட்ட டப்பாக்கள் நிறைய. தினம் ஒன்றாக எடுத்துத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.