துலக்கிய காசுகள்

ஆசிரியர் வரவில்லை என்று மாலை வகுப்பைச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அந்தச் சத்தம் கேட்டது. சரக், சரக் என்று ஒரே சீராக, யாரோ பாத்திரத்தின் அடியைப் பொறுமையாகத் தேய்ப்பது போல. ஆனால் சமையலறை இருட்டாக இருந்தது. சத்தம் அப்பாவின் அறையிலிருந்து வந்தது.

அம்மா கட்டிலை ஒட்டி முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய துண்டு. எதிரே நாற்காலியின் மேல் ஒரு கிண்ணம் தண்ணீர், பல்பொடி டப்பா, ஒரு தட்டு. தட்டில் அப்பாவின் தங்கக் காசுகள் நான்கு ஈரமாக மின்னிக்கொண்டிருந்தன. ஐந்தாவது அம்மாவின் விரல்களுக்கு நடுவில் இருந்தது. நான் தூக்கிப் போட்டிருந்த பழைய பிரஷ்ஷால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? நல்லதாப் போச்சு. அந்த லைட்டப் போடுடி, இருட்டிக்கிட்டு வருது" என்றாள்.

விளக்கைப் போட்டேன். அப்பா கண்களைத் திறந்துதான் இருந்தார். சாய்த்து வைத்த தலையணையிலிருந்து அவர் கண்கள் அந்த பிரஷ் போகும் இடத்துக்கெல்லாம் போய்வந்தன. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. வாயிலிருந்து 'ங்ங்' என்று ஒரு ஒலி வந்தது.

"பாரு, மொதக் காசுலேர்ந்தே இப்படித்தான். சின்னப் புள்ளை மாதிரி அழறாரு. சந்தோஷம்" என்றாள் அம்மா.

அப்பா கடைசல் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். அந்த விரல்களால் காசுகளை எடுக்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். விளிம்பை மட்டும்தான் தொடுவார், காசின் முகத்தில் விரல் படாது. கீழே வெல்வெட் துணி விரித்திருக்கும். காசைப் பார்த்துக்கொண்டே யாரும் பேசக்கூடாது, எச்சில் தெறிக்கும். ஆறு காசுகள்தான் அவர் வாழ்நாளில் சேர்த்தது. எல்லாவற்றுக்கும் பட்டப்பெயர் உண்டு. மூக்கு மட்டும் தேயாமல் நிற்கிற ராஜாவுக்கு மூக்கன். குதிரை மேல் பாதி ஆளாக இருப்பவன் குதிரைக்காரன். கடுகுபோல ஒன்று இருக்கிறது, அது குட்டி. எழுத்துகளின் இடுக்கில் செம்மண் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். அதைக் காட்டித்தான் அவர் என்னிடம் சொல்வார்: "இதுதான்டா காசோட வயசு. இது போயிடுச்சுன்னா அப்புறம் அது நேத்து அடிச்ச தகடு." தேய்த்த காசில் மயிரிழை மயிரிழையாகக் கீறல் விழும், லென்ஸில் பார்த்தால் உழுத வயல் மாதிரி தெரியும் என்பார். அப்படி ஒன்றைக் கொண்டுவந்த ஒருவரைப் பாதி டீயில் எழுப்பி அனுப்பியிருக்கிறார்.

அம்மாவுக்கு இவை எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ள மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். "செத்துப்போன ராஜாவுக்கெல்லாம் தங்கத்துல மூஞ்சி. உசுரோட இருக்கறவ கழுத்துல கவரிங்" என்பது அவள் எப்போதும் சொல்லுவது. காசு டப்பாவை அப்பா திறந்தாலே எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். அவளுக்கு ஒரு சக்களத்தி இருந்தால்கூட இவ்வளவு கோபம் இருந்திருக்காது என்று நான் நினைத்ததுண்டு.

நாணயச் சங்கத்தின் கண்காட்சியில் தன் காசுகளைத் தன் பெயரில் ஒருமுறை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. ஒவ்வொரு வருடமும் 'இன்னும் ஒண்ணு சேரட்டும்' என்று தள்ளிப்போட்டார். இந்த வருடம் சரி என்று சொன்ன பிறகு ஒரு காலையில் பல் தேய்க்கும் இடத்திலேயே விழுந்தார். வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. சங்கத்தின் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் வந்து பார்த்துவிட்டு, "நீங்க படுத்திருந்தா என்ன சார், காசு எழுந்து வரட்டும். தனிக் கண்ணாடிப் பெட்டி உங்களுக்கு" என்றார். அவர் இன்று வந்து எடுத்துக்கொண்டு போவதாக இருந்தது. நான் வகுப்பு முடிந்து வந்ததும் காசு டப்பாவை எடுத்துக் கொடுப்பதாக ஏற்பாடு.

"எதுக்கும்மா இதெல்லாம்? அப்படியே குடுத்தா போதாதா?" என்றேன். என் குரல் எனக்கே சாதாரணமாகக் கேட்டது.

"அப்படியேவா? அழுக்குப் புடிச்சு, கறுத்துப்போயி? நாலு பேரு வந்து பாக்கற எடம். இந்த மனுஷனுக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தாளா இல்லையான்னு கேக்க மாட்டாங்க?" அவள் காசைத் திருப்பி ஊதினாள். "இவ்வளவு வருஷம் இதுங்களத் திட்டியே தீத்துட்டேன். இன்னிக்குத்தான் கையில எடுத்துப் பாக்கறேன். இந்த மூக்குக்காரன் அச்சு அசல் எங்க பெரியப்பா மாதிரியே இருக்கான், பாத்தியா?"

பார்த்தேன். மூக்கனின் கன்னம் புதுத் தட்டுபோலப் பளபளத்தது. எழுத்துகளின் இடுக்கில் செம்மண் இல்லை, பல்பொடியின் வெள்ளைதான் இருந்தது. தட்டைச் சற்றுச் சாய்த்தேன். வெளிச்சத்தில் கீறல்கள் ஒரே திசையில் ஓடின. லென்ஸ் தேவைப்படவில்லை. கண்ணாடிக்காரர் கையில் எடுத்ததுமே தெரிந்துவிடும்.

இனி எதைச் சொன்னாலும் இந்த ஐந்தும் திரும்பாது. அம்மாவிடம் சொன்னால் அவள் இந்த முக்காலியிலிருந்து எப்படி எழுந்திருப்பாள் என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் கண்ணாடிக்காரர் அவள் முன்னாலேயே சொல்லிவிடுவாரே என்றும் யோசித்தேன். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்துக்கொண்டே நின்றேன். என் வழக்கம் அது. யோசித்து முடிப்பதற்குள் விஷயம் முடிந்திருக்கும்.

அப்பாவுக்காக நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். ஒருமுறை கண்ணை மூடித் திறந்தால் ஆமாம், இருமுறை என்றால் இல்லை. குனிந்து அவர் காதருகே கேட்டேன்: "அம்மாகிட்ட சொல்லட்டுமாப்பா?"

அவர் கண்கள் காசிலிருந்து என்னிடம் வந்தன. மூடித் திறந்தார். சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு மறுபடி மூடித் திறந்தார். அது இல்லையா, அல்லது முதலில் ஆமாம் சொல்லிவிட்டு அப்புறம் கண்ணில் நீர் முட்டியதால் மூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்டேன். இம்முறை அவர் மூடிய கண்களைத் திறக்கவே இல்லை.

"என்னடி காதுல ரகசியம்?"

"ஒண்ணுமில்லம்மா. தண்ணி வேணுமான்னு கேட்டேன்."

"இப்பத்தான் குடிச்சாரு. நீ போயி அந்த மெல்லிசுத் துணிய எடுத்துட்டு வா, ஈரம் ஒத்தணும். இன்னும் ஒண்ணுதான் பாக்கி."

ஆறாவது காசு டப்பாவோடு போர்வையின் மேல், அப்பாவின் இடது கைப் பக்கம் இருந்தது. குட்டி. அதன் மேல் செம்மண் அப்படியே இருந்தது. இதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்று அம்மாவின் முக்காலியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். "இது ரொம்பச் சின்னதும்மா, இத விட்டுடு. கைதவறி எங்கயாவது உருண்டுடும்."

"ஆமா, எனக்குக் கை நடுங்குது பாரு" என்று சிரித்தாள்.

அப்போது அப்பாவின் இடது கை நகர்ந்தது. போர்வையின் மேல் மெதுவாக ஊர்ந்து டப்பாவைத் தொட்டது. விரல்கள் உள்ளே போய்க் காசைத் தேடின, விளிம்பைப் பிடித்தன. தன் பக்கம் இழுத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கை எழுந்தது, ஆடியது, காசு விரல்களிலிருந்து விடுபட்டு உருண்டு அம்மாவின் மடியிலிருந்த துண்டில் விழுந்தது. கொடுத்தாரா, நழுவியதா? பக்கத்திலேயே நின்றிருந்தும் என்னால் சொல்ல முடியாது.

அம்மா அதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை நான் கண்டதில்லை.

"நீங்களே எடுத்துக் குடுக்கறீங்களா? எங்கிட்டயா?" என்றாள். "இந்த டப்பாவ ஒரு நாளாவது என்னைத் தொட விட்டிருப்பீங்களா?"

வாசலில் அழைப்பு மணி அடித்தது. கண்ணாடிக்காரராகத்தான் இருக்கும். "போயித் தொற, உக்காரச் சொல்லு, ரெண்டே நிமிஷம்" என்று அம்மா பிரஷ்ஷைப் பல்பொடியில் தோய்த்தாள். நான் போகவில்லை. அப்பாவின் கை இறங்கி அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அவள் அதை விலக்கவில்லை. மணி மறுபடி அடித்தது. அவள் தேய்க்கத் தேய்க்க, இருவர் கையும் சேர்ந்து முன்னும் பின்னுமாகப் போய்வந்துகொண்டிருந்தன.