தீ படாத இடம்

அம்மாவின் தலைமாட்டில் எரிந்த விளக்கை கேமராக்காரன் ஓரமாக நகர்த்தினான். மஞ்சு அதைத் திரும்ப எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள்.

"பையா, இதத் தொடாதீங்க," என்றாள் இந்தியில்.

"விடு மஞ்சு," என்றான் அவள் கணவன் அன்பு, தணிந்த குரலில். "பெரிய ஆளுங்க. வீடு தேடி வந்திருக்காங்க."

"அதான் ஏன்னு கேக்கறேன்."

தலைநகர் ஆர்.கே.புரத்தின் தமிழர் குடிசைச் சந்து முழுக்க ஜனம். எல்லாக் கண்களும் டிவி நடிகை நைனாவின் மேல்தான். மஞ்சுவின் அம்மா வீராயி பன்னிரண்டு வருடம் அவள் வீட்டில் வேலை செய்தவள். நான்கு நாட்களுக்கு முன் அந்த வீடு தீப்பிடித்தது. வாயில் குழாயோடு மூன்று நாள் கிடந்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வீராயி போய்விட்டாள்.

அந்த மூன்று நாளும் டிவியில் நைனாதான். புகைக்குள் பாய்ந்து நான்கு வயது மகளைத் தூக்கிவந்த தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அந்தப் பேட்டியை மஞ்சு பலமுறை பார்த்தாள். நைனாவின் கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லை. உள்ளே கட்டு மாற்றும்போது அம்மாவின் கைகளையும் பார்த்திருந்தாள். வெளிப்பக்கம் முழுக்க வெந்திருந்தது. உள்பக்கத்திலும் மார்பிலும் ஒரு கொப்புளம் இல்லை. எதையோ இறுக்கி அணைத்திருந்தவளின் உடம்பு அது.

"மேடம்," மஞ்சு இந்தியில் கேட்டாள். "தீப்பிடிச்சப்ப எங்கம்மா எங்க இருந்துச்சு?"

நைனா கண்ணைத் துடைத்தாள். "படிக்கட்டுல மாட்டிக்கிட்டாங்க. நான் குழந்தையோட வெளியே வந்துட்டேன். திரும்பிப் போக முடியல."

"எந்தப் படிக்கட்டு?"

நைனா கேமராவைப் பார்த்தாள். அன்பு மஞ்சுவின் தோளைத் தொட்டான். அவள் தோளை நகர்த்திக்கொண்டாள்.

அதற்குள் நைனாவின் மகள் பிஹு கையை உருவிக்கொண்டு பிணத்தருகே போய்க் குந்தினாள். வீராயியின் மூடிய கண்களின் மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். காதருகே குனிந்து தமிழில் சொன்னாள்:

"கண்ண மூடிக்க சாமி. வந்துட்டோம், வந்துட்டோம்."

சின்ன வயதில் மஞ்சுவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரிங் ரோட்டைக் கடக்கும்போதெல்லாம் அம்மா இதைத்தான் சொல்வாள்.

"என்ன சொல்றா?" நைனாவுக்குப் புரியவில்லை.

"நல்லா இருக்கு மேடம், இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க," என்றான் கேமராக்காரன்.

மஞ்சு குழந்தையின் முன் உட்கார்ந்தாள். "இத யாரு சொன்னா கண்ணு? எப்ப?"

"வீராயி," என்றாள் பிஹு, இந்தியில். "தீ எரிஞ்சப்ப. என்னைத் தூக்கிட்டு ஓடினப்ப."

இந்தி எல்லோருக்கும் புரிந்தது. சந்தில் யாரோ நைனாவின் பேட்டியை ஓடவிட்டிருந்த போனை அணைத்தார்கள். நைனா கேமராவைத் தன் கையாலேயே கீழே அழுத்தினாள்.

மஞ்சு அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வாய்க்கரிசி போடுறவங்க வரலாம்," என்று வெளியே பெரியவர் குரல் கொடுத்தார்.

அன்பு தட்டை நீட்டினான். மஞ்சு ஒரு பிடி அரிசியை அள்ளி, பிஹுவின் கையை விரித்து அதில் வைத்தாள். கை சின்னது. பாதி அரிசி பாயில் சிந்தியது. மஞ்சு இன்னும் கொஞ்சம் அள்ளினாள்.