தமிழ் தெரிந்த ஆள்

பிறந்த தேதியையும் ஊரையும் எழுதிய பிறகு ஷாரோனுக்குப் பேனா ஓடவில்லை. சமையல்கட்டில் அரிசி டிரம்மின் மூடிமேல் தாளை வைத்துக்கொண்டு நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. பெட்டிக்குள் அவளுடைய அப்பா தேவசகாயம் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் படுத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் ஓரிக்கை ரோட்டில் சைக்கிளை விட்டு இறங்கியவர் அப்படியே சரிந்துவிட்டார். அறுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும்கூட உயிர் தாங்கவில்லை.

நாலு மணிக்கு எடுப்பது. அதற்கு முன்னால் வாசலில் ஜெபம். ஜெபத்தில் இறந்தவருடைய வாழ்க்கைக் குறிப்பை யாராவது வாசிக்க வேண்டும். "பொண்ணு தமிழ் டீச்சரா இருக்கும்போது நான் எழுதினா நல்லா இருக்குமா? நீயே எழுதிடும்மா" என்று பாஸ்டர் காலையிலேயே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

'1981இல் இராணுவத்தில் சேர்ந்தார்' என்று எழுதினாள். அதற்குக் கீழே, '1998இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார்.' இரண்டு வரிக்கும் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தாள்.

டீ டம்ளர்களை எடுக்க உள்ளே வந்த சம்பூர்ணம் மகளின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். அழுது அழுது குரல் கட்டிப்போயிருந்தது.

"சிலோனுக்குப் போனத எழுதினியா?"

"இல்லம்மா."

அம்மா டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அந்த வீட்டில் சிலோன் என்ற சொல் விழுந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது.

1987இல் இலங்கைக்குப் போன பட்டாளத்தில் தேவசகாயமும் இருந்தார். சமாதானம் செய்துவைக்கப் போகிறோம் என்று சொல்லித்தான் கப்பலில் ஏற்றினார்களாம். இறங்கிய புதிதில் அங்கத்து ஜனங்கள் மாலை போட்டார்களாம். மூன்றாம் மாதம் அங்கத்துப் போராளிகளோடு சண்டை. தொண்ணூறில் திரும்பி வந்தபோது சென்னைத் துறைமுகத்தில் வா என்று கூப்பிட ஒரு முகமும் இல்லை. காஞ்சிபுரத்துக்கு வந்தவர் பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் யூனிஃபார்மைக் கழற்றிவிட்டு, கைலி கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். நடுவில் அவர் லீவில் வந்துபோனபோது கருவான ஷாரோன் அப்போது மூன்று மாதக் குழந்தை. அவரை முதன்முதலாகப் பார்த்து வீறிட்டு அழுததாக அம்மா சொல்லுவாள். டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தார்கள். "தமிழன சுட்டுட்டு வந்து நம்ம பக்கத்துல குந்திக்கினு இருக்கான் பாரு" என்று காது கேட்கவே பேசினார்கள். அவர் டீ குடிப்பதையே விட்டுவிட்டார்.

ஷாரோன் விவரம் தெரிந்த நாளிலிருந்து, அப்பா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் 'பட்டுக்கடையில் செக்யூரிட்டி' என்று மட்டும் சொல்லுவாள். ஓய்வுக்குப் பிறகு அவர் பார்த்த வேலை அதுதான். பொய்யில்லை.

2009இல் அவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். டிவியில் தினமும் இலங்கையைக் காட்டினார்கள். பதுங்குகுழி, தார்ப்பாய், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடும் பெண்கள். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய் நின்று கேட்டாள்.

"நீ எத்தினி பேர சுட்டப்பா?"

அவர் பெடலை ஒரு சுற்றுச் சுற்றி, செயின் முழுக்க எண்ணெய் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"சுட்டது ஒரு பக்கம் இருக்கட்டும்மா. அவங்களும் சுட்டாங்க, நாங்களும் சுட்டோம். ஒரே காலையில என் செக்‌ஷன்ல ஆறு பேர் போய்ட்டானுங்க. அது சண்டை. என் வேலை இன்னா தெரியுமா? எங்க கம்பெனியில தமிழ் தெரிஞ்ச ஆளு நான்தான். வூடு சோதனைக்குப் போனா என்னத்தான் கதவுக்கு முன்னாடி நிறுத்துவாங்க. அம்மா, வெளிய வாங்கம்மா, நாங்க நம்ம ஆளுங்கதான், ஒண்ணும் பண்ண மாட்டோம்னு சொல்லணும். சொன்னா வருவாங்க. தமிழக் கேட்டா வந்துடுவாங்க."

துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு அம்மா அவங்க புள்ளைய முன்னாடி அனுப்பிச்சாங்க. பதினேழு, பதினெட்டு இருக்கும். போ ராசா, தமிழ் ஆள்தானேன்னு சொல்லி அனுப்பிச்சாங்க. அவன் என் பக்கத்துல வந்து நின்னான். அவன வண்டியில ஏத்தினு போனாங்க. எங்க போச்சோ, இன்னா ஆச்சோ, எனக்குத் தெரியாது. மறுநாள்லேர்ந்து அந்தம்மா கேம்பு கேட்டுல வந்து நின்னுது. வேற யாரையும் கேக்காது. தமிழ் தம்பியக் கூப்புடுங்கோ, அவருக்குத் தெரியும்னு கேக்கும். நான் உள்ளாற டென்ட்டுல குந்திக்கினு இருப்பேன். ஒன்பது நாளு வந்துது."

அம்மாவிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னார். அவள் கேட்டதால் சொன்னார்.

அடுத்த புதன்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கம் மாணவர்கள் உண்ணாவிரதப் பந்தல் போட்டிருந்தார்கள். மைக் ஷாரோன் கைக்கு வந்தது. கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள். என் அப்பாவே போனவர். வீடு வீடாய்த் தமிழில் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுத்தவர். அந்தத் தாய் வாசலில் நின்றபோது ஒளிந்துகொண்டவர். அவருக்கு மகளாய்ப் பிறந்ததற்கு வெட்கப்படுகிறேன். கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. பந்தலில் படுத்திருந்த பையன்கள்கூட எழுந்து நின்று தட்டினார்கள். அந்த நிமிஷத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதை இன்றைக்கும் அவளால் மறுக்க முடியாது.

மறுநாள் பேப்பரில் போட்டோவோடு வந்தது. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு யாரோ அதைக் கொண்டுவந்து காட்டினார்கள். வீட்டுக்கு வந்தார். தொப்பியை ஆணியில் மாட்டினார். ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார்.

"நல்லா பேசினியாமே" என்றார்.

அவ்வளவுதான். கோபமாக இல்லை. கேலியாகவும் இல்லை. அந்த வாரத்தில் இரண்டு நாள் வீட்டுக் கேட்டில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். தெரு விழிப்பதற்குள் அவரே கழுவிவிட்டார். அதற்குப் பிறகு அவளுக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, குழந்தை பிறந்தது. எல்லாவற்றிலும் அப்பாவாகத்தான் நின்றார். ஆனால் எதையும் அவளிடம் சொன்னதில்லை. சாப்பிட்டாயா, பஸ் கிடைத்ததா, அவ்வளவுதான் பேச்சு.

வாசலில் ஆட்டோ நின்றது. தென்னேரியிலிருந்து குமரகுரு வந்திருந்தார். அப்பாவோடு ஒரே பட்டாளத்தில், வேறு கம்பெனியில் இருந்தவர். இடதுகாலில் கண்ணிவெடி வாங்கியவர், காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். அவரோடு இன்னும் இரண்டு முன்னாள் சிப்பாய்கள், கையில் ஒரு மலர் வளையம். மூவரும் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். குமரகுரு கண்ணாடி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கை எடுத்த இடத்தில் ஈரத்தடம் இருந்தது.

ஷாரோன் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"உக்காருங்க மாமா."

"பரவால்லமா." டம்ளரை வாங்கியவர் குடிக்கவில்லை. "உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா இருந்துது. இன்னிக்கி சொல்லக் கூடாது. ஆனா இன்னிக்கி வுட்டா எப்ப சொல்றது?"

"சொல்லுங்க மாமா."

"நீ மைக்குல பேசினது இருக்குது பாரு, அதுக்கப்புறம் ஒண்ணர வருஷம் உங்கப்பா எங்க பழைய பட்டாளத்துக்காரங்க சங்கத்துப் பக்கம் வரல. நான் வூட்டுக்கே வந்து கேட்டேன். உன்மேல கோவம்னு நெனச்சேன். இல்லமா. எங்க மூஞ்சியில முழிக்க வெக்கமா இருக்குதுன்னாரு. நம்ம எல்லாருக்கும் இருக்கற விஷயத்த நான் வெளிய வுட்டுட்டேன் குரு, உங்கள எல்லாம் சந்தியில நிக்க வெச்சிட்டேன்னு அழுதாரு. நீ பண்ணதுக்கு அவுரு மன்னிப்புக் கேட்டாரு எங்ககிட்ட."

அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் டீயை ஆறவிட்டு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலை இழுத்துக்கொண்டு வாசலில் போட்டிருந்த பந்தலுக்குப் போனார்.

மூன்று மணிக்கு குமரன் வந்தான். கல்லூரியில் அவளோடு படித்தவன். அன்றைக்கு உண்ணாவிரதப் பந்தலை முன்னால் நின்று நடத்தியவன். இப்போது வார்டு கவுன்சிலர். ஆளுயர ரோஜா மாலையைப் பெட்டிமேல் சாத்திவிட்டு அவளிடம் வந்தான்.

"எதுவா இருந்தாலும் போன் பண்ணு ஷாரோன். தண்ணி லாரி சொல்லிட்டேன்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "பாஸ்டர் சொன்னாரு, நீதான் படிக்கப்போறியாமே. அந்த சிலோன் மேட்டர் வேணாம். நம்ம ஆளுங்க வருவாங்க, வெளியூர்லேர்ந்தும் வராங்க. மரியாதையா முடிஞ்சிடட்டும், இன்னா?"

ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் சொன்னான்.

"ஆனா ஒண்ணு. உன் அந்த ஸ்பீச்ச இன்னிக்கும் நம்ம பசங்க சொல்லுவாங்க. அப்பாவா இருந்தா இன்னா, தப்புன்னா தப்புதான்னு நின்ன பாரு. செம ஸ்பீச்."

நாலடி தள்ளிப் பெட்டி இருந்தது. மோட்டார் அப்போது நின்றிருந்தது.

ஷாரோன் சமையல்கட்டுக்குப் போய், வெற்றிடத்தில் பொடி எழுத்தில் மூன்று வரி எழுதினாள்.

எதிர்வீட்டில் தறியை நிறுத்திவிட்டு எல்லாரும் வந்திருந்தார்கள். அப்பாவைச் சவப்பெட்டிக்கு மாற்றி வாசலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். பாடல் முடிந்ததும் பாஸ்டர் தலையசைத்தார். மைக்கை நீட்டினார்கள். வேண்டாம் என்று கையாட்டிவிட்டு வெறுங்குரலில் வாசித்தாள்.

"1981இல் இராணுவத்தில் சேர்ந்தார். 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்தார். தமிழ் தெரிந்தவர் என்பதால் அங்கே வீடு வீடாகப் போய் ஜனங்களை வெளியே கூப்பிடும் வேலை அவருக்குக் கொடுக்கப்பட்டது. அதை அவர் மறக்கவில்லை. 1998இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார்."

கூட்டத்தில் ஒரு அசைவு. குமரன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். குமரகுரு தலை குனிந்திருந்தார். அந்த வரிகளுக்குக் கீழே இன்னொரு வரி எழுத இடம் இருந்தது. தான் செய்தது அதில் வந்திருக்க வேண்டும் என்று ஷாரோனுக்குத் தெரியும். அதை எழுத அவளுக்குத் தைரியம் வரவில்லை. கடகடவென்று பட்டுக்கடை வேலை, மனைவி, மகள், பேரப்பிள்ளை என்று படித்து முடித்தாள்.

பெண்கள் வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த கமலாட்சி எழுந்தாள். இலங்கையிலிருந்து சிறுபிள்ளையாகப் படகில் வந்தவள், அகதி முகாமில் வளர்ந்தவள். ஆறு வருஷமாக மூன்று வீடு தள்ளிக் குடியிருந்துகொண்டு, பட்டுச்சேலைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுக்கிறாள். வண்டியில் பெட்டியை ஏற்றும் சந்தடியில் அவள் ஷாரோன் பக்கம் வந்தாள்.

"நான் கல்லறைக்கு வரேல்ல, டீச்சர். நூல் வேலை கிடக்கு."

"சரிக்கா."

போகவில்லை. முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"உங்கட அப்பா என்னோட ஒரு நாளும் கதைச்சதில்ல. நான் எதிர்ல வந்தா அந்தப் பக்கம் கடந்து போயிடுவார். கடைக்கு நான் போனா கதவைத் திறந்து விட்டிட்டு நிலத்தைப் பாத்துக்கொண்டு நிப்பார். அகதியெண்டு எளப்பமாப் பாக்கிறாராக்கும் எண்டு நினைச்சிருந்தன். ஆறு வருசம் அப்பிடித்தான் நினைச்சன்."

"அப்படி இல்லக்கா."

"இப்பத்தான் விளங்குது." அவள் குரலில் சினமும் இல்லை, இரக்கமும் இல்லை. "எங்கட ஊருக்கும் இந்தியன் ஆமிக்காரர் வந்தவை. எனக்கு அப்ப பதினொரு வயசு. எங்கட வீட்டு வாசல்லயும் ஆரோ தமிழ்ல கூப்பிட்டது. அது அவர்தானோ, வேற ஆரோ. அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளியில போனா. எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்ல." சற்று நிறுத்தினாள். "அவர் ஒருக்கா வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பன், டீச்சர். ஏன் அந்த மனுசன் ஒருதரிட்டயும் சொல்லேல்ல?"

ஷாரோன் அவளைப் பார்க்க முடியாமல் வண்டியின் சக்கரத்தைப் பார்த்தாள். டிரைவர் ஹாரன் அடித்தான். கமலாட்சி அவள் கையை ஒருமுறை தொட்டுவிட்டுத் தன் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் வெயில் இறங்கவில்லை. பெட்டியைக் குழிக்குள் கயிற்றில் இறக்கினார்கள். 'மண்ணுக்கு மண்' சொல்லி பாஸ்டர் முதல் பிடி போட்டார். சம்பூர்ணம் போட்டாள். ஷாரோன் போட்டாள். குமரகுருவும் மற்ற இருவரும் குழியின் தலைமாட்டில் வரிசையாக வந்து நின்றார்கள். சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இதுவரைக்கும் எங்க ஆளுங்க ஏழு பேர எடுத்திருக்கோம்மா" என்றார் குமரகுரு, ஷாரோனிடம் மன்னிப்புக் கேட்பதுபோல. "எல்லாத்துக்கும் சல்யூட்டுக்குக் கைய தூக்க, எறக்க உங்கப்பாதான் ஆர்டர் குடுப்பாரு. எங்களுக்கு சீனியர் அவுருதான்."

பிறகு அவரே கையைத் தூக்கினார். மற்றவர்களும் தூக்கினார்கள். மூன்று கைகளும் மூன்று உயரத்தில் நெற்றிக்குப் போயின.

தூக்கிவிட்டார்கள். எப்போது இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. பாஸ்டர் புத்தகத்தை மூடிவிட்டுக் காத்திருந்தார். குமரகுருவின் முழங்கை நடுங்க ஆரம்பித்தது. நல்ல காலில் பாரத்தை மாற்றினார், கையை விடவில்லை. மண்வெட்டியோடு நின்ற ஆள் ஷாரோனைப் பார்த்தான்.

"மண்ணு தள்ளட்டுமா டீச்சர்?"

எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். ஷாரோன் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி திறந்தாள். அப்போதும் வரவில்லை.

சம்பூர்ணம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குவித்த மண்மேல் ஏறி அந்தப் பக்கம் போனாள். குமரகுருவின் முழங்கையைப் பிடித்து, தூங்கும் பிள்ளையின் கையை இறக்குவதுபோல மெதுவாகக் கீழே இறக்கினாள். அதைப் பார்த்து அடுத்தவரும் இறக்கினார்.

மூன்றாமவர் கண்ணை மூடியிருந்தார். அவருக்குத் தெரியவில்லை. முதல் மண் பெட்டிமேல் விழும் சத்தம் கேட்டும் அவர் கை நெற்றியிலேயே இருந்தது.