கை நனைக்காத பெண்

மேனாம்பேட்டில் அனுசுயா வீட்டுக்கு வந்து டீ வேண்டாம் என்றவர்கள் இதுவரை இரண்டே பேர். ஒருவர், ஃபியூசைப் பிடுங்க வந்த கரண்ட்காரர். இன்னொருத்தி இந்த வெள்ளைக்காரப் பெண்.

பெயர் காரின். டென்மார்க்கிலிருந்து மூன்று மாதம் இங்கே சமூகப்பணி படிக்க வந்திருக்கிறாளாம். மொழிபெயர்க்கக் கூடவே உத்தமன் என்று ஒரு கல்லூரி மாணவன். வாராவாரம் வந்தாள், டீயைத் தொடாமல் நோட்டில் எழுதினாள். எழுதியதெல்லாம் ஆறு வயது பவ்யாவைப் பற்றித்தான். எங்கே தூங்குகிறாள், யார் குளிப்பாட்டுவது, அடிப்பீர்களா.

அனுசுயாவுக்குச் சந்தேகம் தட்டியது. பவ்யா அவள் பெற்ற பெண் இல்லை, பிரசவத்தில் செத்துப்போன அக்காவின் மகள். வளர்ப்பதற்குக் காகிதம் என்று ஒன்றும் கிடையாது. கெடுக்க நினைக்கிறவள்தானே நம் வீட்டில் கை நனைக்க மாட்டாள்! மூன்றாவது வாரம் பிள்ளையைக் கோவில்பதாகையில் இருக்கும் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தாள்.

"பவ்யா எங்கக்கா?" என்றான் உத்தமன்.

"ஊருக்குப் போய்க்கீறா."

"ஸ்கூல் நாளாச்சே?"

"இன்னா தம்பி, போலீசு மாரி கேக்குற? ஒரு வாய் டீ குடிக்காதவளுக்கு எம் புள்ள எதுக்கு?"

உத்தமன் அதை மொழிபெயர்த்ததும் காரினின் முகம் சிவந்துபோனது. போகிற வீட்டில் எதையும் வாங்கக்கூடாது என்பது அவள் கல்லூரி விதியாம்.

"புள்ளைய இட்டுகினு பூட மாட்டாளே?"

"சேச்சே, இது பாடத்துக்குக்கா."

"நீ சொல்லாத. அவள கேளு."

காரின் சிரிக்கவில்லை. யோசித்துச் சொன்னதை உத்தமன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "இங்க அவங்களுக்கு அந்த அதிகாரம் இல்லியாம். படிச்சு முடிச்சு அவங்க ஊருக்குப் போனா, சரியா பாத்துக்காத வீட்லேர்ந்து புள்ளைங்கள எடுத்துட்டுப் போறதும் அவங்க வேலைதானாம்."

நான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டினாள் அனுசுயா. அவர்கள் விடைபெற்று இறங்கியதும் நாத்தனாருக்குப் போன் போட்டாள். "இவ பிளேன் ஏறுற வரிக்கும் பவ்யா அங்கியே இருக்கட்டும்."

போனைப் பிடுங்கிய பவ்யா தேம்பினாள். "சித்தி, நான் இன்னா தப்பு பண்ணேன்? ஏன் என்னை இங்க வுட்டுட்ட?"

அனுசுயாவுக்கு அப்போதுதான் உறைத்தது. யாரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. தானே கொண்டுபோய் விட்டிருக்கிறாள்.

"அழாதடி. தோ வரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆனால் போகிற இடம் தெரிந்துவிடக் கூடாதென்று, காரினும் உத்தமனும் தெருமுனை திரும்புகிற வரை வாசலைவிட்டு நகரவில்லை.